கால்விரலில் கட்டிய நூல்

என்னைப் பெண் கேட்டு வந்த கடிதத்தில் படம் ஒன்று அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை புளியங்குளத்தில் வாத்தியார். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்கிறவர்கள். அம்மாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. மறுநாளே என்னை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய், பெரியம்மாவின் அட்டியலை இரவல் வாங்கிக் கழுத்தில் போட்டு, ஸ்ரூடியோக் கதிரையில் இருத்திவிட்டார்.

படம் வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தை வெள்ளையாக்கி, புருவத்தை மையால் கீறி, வெயிலில் கறுத்த என் மூக்கை எங்கேயோ ஒளித்துவிட்டார்கள். இது ஆர் என்று கேட்டேன். வடிவாய்த்தானே இருக்கிறாய், வாயை மூடு என்றார் அம்மா. வடிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஓம் சொல்லிவிட்டு வருகிறவர், சேறும் சிரிப்புமாக நிற்கிற என்னைக் கண்டு முகம் சுளித்தால்? காலம் முழுக்க அவரோடு இருக்கப் போவது நான், அவள் இல்லையே.

நல்லவேளை, பங்குனி நடந்துகொண்டிருந்தது. சித்திரை பிறந்த பிறகுதான் படத்தை அனுப்புவது என்று அம்மா வைத்திருந்தார்.

பொங்கலுக்கு வந்த அண்ணா தன் பெட்டிக் கமராவை வீட்டில் விட்டுப் போயிருந்தார். பிலிமில் எட்டுப் படம். ஏழு படத்தை அவர் தன் சைக்கிளுக்கும் கூட்டாளிகளுக்கும் செலவழித்துவிட்டார். ஒன்று மிச்சம். அதில் என்னை நானே எடுப்பது என்று முடிவு செய்தேன்.

சிறுபோக விதைப்புக்குக் குளத்து மதகைத் திறக்கிற நாள் வந்தது. எல்லோரும் குளக்கட்டில் பொங்கப் போய்விட்டார்கள். நான் மண்வெட்டியோடு எங்கள் வாய்க்காலடியில் நின்றுகொண்டேன். காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் வருவதைக் கண்டால் எனக்கு ஒவ்வொரு முறையும் பைத்தியம் பிடித்ததுபோல் சந்தோசம் வரும். அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே பார்க்க வேண்டும்போல் இருந்தது. யாரிடமாவது கமராவைக் கொடுத்தால் நிமிர்ந்து நில், பல்லைக் காட்டாதே என்பார்கள். அதோடு அம்மாவுக்கும் கதை போய்விடும்.

வரம்பில் கமராவை வைத்து, ஆடாமல் மேலே ஒரு கல்லை ஏற்றினேன். கீழே ஒரு முளை அடித்து, கறுப்புத் தையல் நூலை மூன்றாய் முறுக்கி, கமராவின் விசையில் கட்டி, முளையைச் சுற்றிக் கொண்டுவந்து என் கால் பெருவிரலில் முடிந்தேன். தூரத்தில் சலசலப்புக் கேட்டது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது, முன்னால் ஒரு தவளை குதித்தோடி வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். விரலை இழுத்தேன். டிக்.

பிலிமைக் கழுவக் கொடுத்துப் படம் கைக்கு வந்தபோது வீட்டுக்குள் துள்ளினேன். முழங்கால் வரை புழுதி, தெத்துப்பல் தெரிய ஒரு சிரிப்பு. நான்! அச்சாக நானேதான். சித்திரையில் அம்மா கடிதவுறை ஒட்டச் சோறு எடுக்கக் குசினிக்குள் போன நேரம் ஸ்ரூடியோப் படத்தை உருவிவிட்டு என் படத்தை வைத்தேன்.

பதில் வந்தது. பெண்ணின் காலில் மந்திரித்த நூல் கட்டியிருக்கிறதே, பிள்ளைக்கு என்ன வருத்தம், என்ன நோய், மறைக்காமல் எழுதுங்கோ என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டிருந்தார். முகத்தையே பார்த்துப் பூரித்த நான் காலைப் பார்க்கவே இல்லை. களவு வெளிப்பட்டது. உன்ரை வாழ்வை நீயே கெடுத்துப்போட்டாய் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இந்தச் சம்பந்தம் போனால் என் பிழையால்தான் போகும். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாங்கள் பதில் எழுத முன்னமே, மூன்றாம் நாள் தாயும் மகனும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தாயார் கதிரையில் இருந்ததும் என் காலைத்தான் பார்த்தார். அம்மா வாய் திறக்க முன் மாப்பிள்ளை தன் சட்டைப் பையிலிருந்து என் படத்தை எடுத்தார். நூலின்மேல் விரலை வைத்து, அது போகிற வழியே கீழ் ஓரம் வரை இழுத்துக்கொண்டு வந்து தாயாருக்குக் காட்டினார்.

“பாருங்கோ அம்மா, நூல் கமராவுக்கெல்லே வருது.” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்களே எடுத்தனீங்களோ?”

“ஓம். நான்தான் எடுத்தனான்.”

முளை அடித்ததிலிருந்து தவளை வரை ஒரே மூச்சில் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். என் வடிவைப் பற்றி ஒரு சொல்லுமில்லை. கல்லை ஏன் மேலே வைத்தேன் என்று கேட்டார்! எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப்போயிற்று.

“அடுத்த படத்துக்கு நூலை ஆர் இழுக்கிறது?” என்றார்.

“நான்தான்,” என்றேன். அம்மா என்னை முறைத்தார்.

கலியாணத்தன்று அண்ணாவின் கமராவை முற்றத்தில் வைத்தோம். கூறைச்சேலைக்குக் கீழே என் விரலில் நூல். அதை ஒருத்தரும் மிதித்துவிடாமல், வந்தவர்களையெல்லாம் விலக்கிவிட்டுக் காவல் நின்றவர் அவரின் தாயார், என் மாமி.