ஏதென்ஸில் அடித்த வெயில்

எண்பத்தேழாம் வருஷம் கிரேக்க நாட்டுச் செய்தி என்றால் எங்களுக்கு வீட்டுச் செய்தி. அக்கா வீட்டுக்காரர் ஏதென்ஸுக்குப் பக்கத்தில், ஒரு கிரேக்க முதலாளியின் சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் வேலையில் இருந்தார். சரக்கு கிடைக்காமல் முதலாளி எஞ்சினை அணைத்துக் கப்பலை நங்கூரம் போட்டு நிறுத்திவிட, காவலுக்கென்று மாமாவையும் இன்னும் சிலரையும் அதிலேயே விட்டுவைத்திருந்தார்கள். அக்கா இருந்தது திண்டிவனத்தில். எனக்கு விழுப்புரம் ஸ்டேஷன் எதிரே சைக்கிள் கடை. பக்கத்து டீக்கடை பேப்பரில் அந்த நாட்டின் பெயரைப் பார்த்துவிட்டால் போதும், கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

மார்ச்சில் அந்த நாடும் துருக்கியும் கடலுக்கடியில் இருக்கும் எண்ணெய்க்காகச் சண்டைக்கு நின்றன. அக்கா திருவாமாத்தூர் கோயிலுக்கு வந்து வேண்டிக்கொண்டு போனாள். சண்டை வரவில்லை. ஜூனில் கூடைப்பந்தில் ஐரோப்பாவையே ஜெயித்தார்கள். "உங்க மாமா ஊரு கெலிச்சிடுச்சிப்பா!" என்று டீ மாஸ்டர் என் கிளாஸில் சர்க்கரையை அள்ளிப் போட்டார்.

ஜூலைக் கடைசியில் வெயில். நாற்பது டிகிரிக்கு மேல், விடாமல் அடிக்கிறது, ஜனங்கள் செத்து விழுகிறார்கள் என்று போட்டிருந்தது. டீக்கடையில் ஒரே சிரிப்பு.

"நாப்பதுக்கே சாவுறானுங்களா? கத்திரியில வந்து நம்ம பிளாட்பாரத்துல நிக்கச் சொல்லு."

"ஐஸ்ல வெச்சி வளத்த உடம்புப்பா அது, இன்னா பண்ணும்?"

நானும் சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டியதும் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. அக்கா வாசலில் மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். செய்தியைச் சொன்னேன்.

"இதுக்கா கடைய மூடிக்கினு வந்த? கத்திரி வெயில்ல கெணறு வெட்டுன மனுஷன்டா அவரு. போய் கூழு குடி, போ."

சண்டைக்கு வேண்டிக்கொண்டவள் வெயிலுக்கு வேண்டிக்கொள்ளவில்லை. நம் பக்கத்தில் யார் வேண்டிக்கொள்வார்கள்?

ஆடி முடிவதற்குள் கம்பெனியிலிருந்து தந்தி வந்துவிட்டது.

உடலைக் கொண்டுவர எவ்வளவோ அலைந்தோம். அங்கே ஆயிரம் பேருக்கு மேல் இறந்து, பிணங்களை வைக்கவே இடமில்லையாம். எரித்துச் சாம்பலையாவது அனுப்புங்கள் என்று கேட்டோம். அந்த நாட்டில் எரிக்கிற வழக்கமே கிடையாது, புதைத்தாயிற்று என்று பதில் வந்தது.

ஐப்பசி மழையில், மாமாவோடு கப்பலில் இருந்த நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். நனைந்த தலையைக்கூடத் துவட்டாமல் பேசினார்.

"எஞ்சின் ஓடலன்னா ஃபேன் ஏதுங்க? குடிதண்ணி படகும் நின்னுபோச்சு. சுத்தி இரும்பு, உள்ளே அடுப்பு. நாங்கெல்லாம் மேல்தட்டுல துணி கட்டிக் கிடந்தோம். அண்ணன்தான் கேக்கல. 'இதெல்லாம் ஒரு வெயிலா, எங்க திண்டிவனத்துக்கு வந்து பாருங்கடா'ன்னு எங்களக் கேலி பண்ணிக்கிட்டே பம்பைப் பாக்கக் கீழ இறங்கினாரு. ரொம்ப நேரம் மேல வரல. நாங்க போய்ப் பாத்தப்போ..."

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வாயில கொஞ்சம் தண்ணியாவது ஊத்துனீங்களா?"



அடுத்த கத்திரியில் நான் போனபோது அக்கா அதே வாசலில், உச்சி வெயிலில், தலையில் முந்தானைகூடப் போடாமல் மல்லாட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தரையில் கால் வைக்க முடியவில்லை.

"உள்ள வாக்கா, வெயிலு கொளுத்துது."

"இதெல்லாம் ஒரு வெயிலாடா?" என்றாள். எழுந்து வரவில்லை.