கேப்டன் வீட்டுக் கம்பளி

உணவகத்தின் சுவரில் தொங்கிய ஒரு கம்பளியை, கையில் சூப் கிண்ணத்தோடு எழுந்து போய் மூக்கை வைத்து முகர்ந்து, "இது கடைக் கம்பளி" என்று ஏழெட்டு மேசைகளுக்குக் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னவன் நான். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அறியாப் பருவம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. இதைவிட வெட்கக்கேடான விஷயம் ஒன்று உண்டு. பத்து வருடமாக எனக்கு சைனஸ். மல்லிகைப் பூவும் மண்ணெண்ணெயும் என் மூக்குக்கு ஒன்றுதான். தீர்ப்பை முடித்துவிட்டு இருக்கைக்குத் திரும்பியபோது என் மனைவி குனிந்து காதோடு கேட்டாள்: "வீட்டுல கேஸ் கசிஞ்சாலே நாந்தான் சொல்லணும். ஒங்களுக்கு எங்கன இருந்து வந்துச்சு இந்த மூக்கு?"

அந்த ரிசார்ட் பாபநாசம் போகிற வழியில், மலையடிவாரத்தில் இருக்கிறது. அதன் உணவகத்தைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு மாதிரி அமைத்திருந்தார்கள். தகரக் கூரை. வரிசையாக எண் போட்ட பச்சைக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் உட்காரும் அளவுக்கு மேசை. போனில் இடம் கேட்டால், "பதினாலாம் நம்பர் வீடு காலியா இருக்கு சார்" என்பார்கள். ஒலிபெருக்கியில் இடைவிடாமல் மழை பெய்துகொண்டிருக்கும். மேலே மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் குத்தகை முடிந்து, தொழிலாளர்களின் உண்மையான வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், கீழே இந்த வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் கிடைக்காது. இந்த வாக்கியத்தை இப்போது எழுத முடிகிறது. அப்போது பதினாலாம் நம்பர் வீட்டில் உட்கார்ந்து நெத்திலி வறுவல் தின்றுகொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

அந்த உணவகத்துக்கு ரசிகர்கள் இருந்தோம். சாப்பாட்டுக்கு ரசிகர்கள் இருப்பது புரியும். நாங்கள் அலங்காரத்துக்கு ரசிகர்கள். பாளையங்கோட்டையிலிருந்தும் திருநெல்வேலி டவுணிலிருந்தும் வந்துபோகிற நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். கதவுப் பச்சை சரியான பச்சைதானா என்று அதில் நான்கு நாள் சண்டை நடந்திருக்கிறது. ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர், ஒலிபெருக்கி மழையில் கத்துகிற தவளை நம் மலைத் தவளை இல்லை என்று ஆதாரத்தோடு நிறுவினார். மலைத்தோட்டத்து வீட்டில் புன்னக்காயல் கடல் மீன் எப்படி வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அது ருசியாக இருந்தது. நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன் என்பதால் குழுவில் என் சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை. மாஞ்சோலைக்கு நான் போனது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, கல்லூரி நாளில். மலைப்பாதைப் பேருந்தில் ஏறும்போது பாதி நேரமும் இறங்கும்போது முழு நேரமும் தலையை ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தேன். இயற்கையை ரசிப்பதற்காக அல்ல. மேலே ஒரு டீ குடித்தேன். அந்த ஒற்றை டீயின் பலத்தில்தான் முப்பது வருடம் கழித்து நிபுணனாக உலவிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கருத்துகளையெல்லாம் கேட்டுக்கொள்கிற வேலை கேப்டனுடையது. உணவகங்களில் பரிமாறுகிறவர்களுக்கு மேலே, மேலாளருக்குக் கீழே ஒருவர் நிற்பாரே, அவரைத்தான் கேப்டன் என்பார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. கறுப்புக் கோட்டுக்குள் யாரோ மடித்து வைத்த மாதிரி இருப்பார். பையில் ஒரு சின்ன நோட்டு. யார் எதைச் சொன்னாலும் மறுக்க மாட்டார், சிரிக்கவும் மாட்டார். நோட்டை எடுத்து, "நோட் பண்ணிக்கிடுதேன் சார்" என்பார். தவளைக்கும் அதே பதில். கதவுப் பச்சைக்கும் அதே பதில். அன்றைக்கு என் கம்பளித் தீர்ப்புக்கும் அதேதான். "நெசமான கம்பளின்னா அடுப்புப் புகையும் மழை ஈரமும் சேந்து ஒரு வாசம் அடிக்கணும் கேப்டன். இதுல என்ன இருக்கு?" என்று நான் கேட்டபோது அவர் பேனா ஒரு கணம் நின்றது. நின்றதாக இப்போது எனக்கு ஞாபகம் வருகிறது. அன்றைக்குக் கவனித்தேனா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். சாயந்தரமே குழுவில் நீளமாக ஒரு பதிவு போட்டேன். மேலாளரும் அந்தக் குழுவில் இருந்தார்.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் ஆராதனை முடிந்து போனால், சுவரில் வேறு கம்பளி. சாம்பல் நிறம். ஓரங்கள் நைந்து, ஒரு மூலையில் அடுப்புக் கங்கு விழுந்த சின்ன ஓட்டை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். "வீட்டுல கெடந்துச்சு சார். எங்கம்மாக்குள்ளது" என்றார். அப்படித்தான், ஒரு வருடம் அவர் கையால் பரிமாறச் சாப்பிட்ட பிறகு, கேப்டன் மேலே தோட்டத்தில் பிறந்தவர் என்று தெரிந்துகொண்டோம். அவர் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். தோட்டம் மூடி எல்லோரும் இறங்கியபோது அவர்களும் இறங்கி, திருநெல்வேலிக்கு வெளியே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார்கள். இதைக் கேட்டு நாங்கள் வருத்தப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் மகிழ்ச்சியடைந்தோம். அலங்காரத்தில் இப்போது ஒரு மனிதரும் அசலாகக் கிடைத்துவிட்டாரே.

இதை எப்படிப் போட்டுக்கொள்வார்கள் என்று கேட்டதும் நான்தான். கேப்டன் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தலையசைத்தார். கேப்டன் கம்பளியை இறக்கி, நீளவாக்கில் மடித்து, ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகி, கறுப்புக் கோட்டுக்கு மேலே தலையோடு கவிழ்த்துக்கொண்டார். கொங்காணி என்பார்கள். மழையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். குடை பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதனால் இந்த முக்காடு. இரண்டே அசைவில் முடிந்துவிட்டது. அந்த இரண்டு அசைவுகளுக்கிடையில் கேப்டனின் முகம் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது. மேசைகள் கைதட்டின. நான் தட்டவில்லை, இரண்டு கையாலும் போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். "கடைசியில் ஒரு உண்மையான பொருள்" என்று தலைப்புக் கொடுத்து நான் போட்ட அந்தப் பதிவுக்கு விழுந்த பாராட்டு, பத்திரிகைகளில் நான் இருபது வருடமாக எழுதிவருகிற நகைச்சுவைக் கட்டுரைகள் அத்தனைக்கும் சேர்த்து விழுந்ததில்லை.

ஒரு மாதம் கழித்து டவுணுக்குத் துண்டு வாங்கப் போயிருந்தேன். ரதவீதியில் ஒரு ஜவுளிக்கடை. உள்ளே நுழைந்ததும் கேப்டனின் முதுகு தெரிந்தது. பக்கத்தில் அவர் உயரத்தில் பாதி இருக்கிற ஒரு அம்மாள். முன்னால் பத்துப் பன்னிரண்டு கம்பளிகள் பிரிந்து கிடந்தன. அந்த அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து முகத்தோடு வைத்து முகர்ந்து, "இது இல்ல" என்று கீழே வைத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார்.

"ஆச்சி, இது என்ன செண்டா, மோந்து பாத்து வாங்கதுக்கு?"

"ராத்திரி மூஞ்சிமேல போடுதது நாந்தானய்யா. நீயா போடப்போற?"

நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். என் உடம்புக்கு அந்தத் தூண் போதவில்லை. கேப்டன் பார்த்துவிட்டார். "அம்மா, இவுக நம்ம ஹோட்டலுக்கு வார சாரு" என்றார். அந்த அம்மாள் கம்பளியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"ஐயா, என் கம்பளிய மழ விட்டதும் தந்துருவாவன்னு இவன் சொல்லுதான். நீங்களும் ஒரு வார்த்த சொல்லி வைங்க. அது இல்லாம கண்ணு மூட மாட்டேங்கு. இந்த வெக்கையில கம்பளி எதுக்குங்கான். வெக்கைக்கா போடுதேன்? அதுலதான் எங்க வீட்டு வாசம் கெடக்கு."

கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றேன். எங்கள் உணவகத்தில் மழை விடுவதே இல்லை, ஒலிபெருக்கியில் பன்னிரண்டு மாதமும் அதே மழைதான் என்று அவரிடம் எப்படிச் சொல்ல முடியும்? துண்டு வாங்காமலேயே வீட்டுக்குத் திரும்பினேன்.

நேர்மையான மனிதன் என்றால் மறுநாளே மேலாளரிடம் போயிருப்பான். நான் மூன்று வாரம் யோசித்தேன். என் தவறு வெளியே தெரியாமல் கம்பளி மட்டும் வீடு போய்ச் சேர்வதற்கு ஒரு வழி தேடினேன். கடைசியில் குழுவில் ஒரு கருத்தாக எழுதினேன்: கம்பளி அலங்காரத்தோடு ஒட்டவில்லை, தூசி சேர்கிறது, சாப்பிடும் இடத்தில் அது வேண்டாம். எழுதி முடித்தபோது ராஜதந்திரி போல உணர்ந்தேன். பத்து நிமிடத்தில் குழு என்மேல் பாய்ந்துவிட்டது. "போன மாசம் அண்ணாச்சியே தேடிக் கண்டுபிடிச்சது, இந்த மாசம் அண்ணாச்சிக்கே தும்மல் வருதாக்கும்" என்று ஒருவர். "வே, அதுக்கு முன்னால நின்னுதாம்வே எம்மவ கல்யாண நிச்சயப் படமே எடுத்தோம்" என்று இன்னொருவர். தவளைப் பேராசிரியர் மட்டும் மூன்று பத்திகள் எழுதினார். என் பதிவுக்கு விழுந்தது ஒரே ஒரு கட்டைவிரல். யாருடையது என்று பார்த்தேன். மேசை ஒதுக்குவதற்காகக் குழுவில் சேர்த்து வைத்திருந்த கேப்டனுடையது. அந்தக் குழுவில் அவர் போட்ட முதல் விரல்.

அதற்கு மேல் தாங்க முடியாமல் மேலாளரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சைனஸ் உட்பட. பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராகப் போயிருந்தேன். அவர் இரண்டு நிமிடத்தில் கம்பளியை இறக்கச் சொல்லிவிட்டார். "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே சார். அவன் ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். பக்கத்தில் நின்ற கேப்டனை, ஏன் சொல்லவில்லை என்று நானும் கேட்டேன். கேட்க எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை.

"கெஸ்ட் ஆசப்பட்டுக் கேட்டது சார்" என்றார் அவர். "மேல இருந்து எறங்கி வந்து ஒரு வேலையில நிக்கேன். முடியாதுன்னு எப்படிச் சொல்ல?"

கம்பளி பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் வந்தது. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அடம்பிடித்து, கேப்டனின் விடுமுறை நாளில் அவரோடு கிளம்பினேன். பிராயச்சித்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அம்மாள் நன்றி சொல்வதைக் கேட்க ஆசை என்பதுதான் உண்மை. மூன்றாவது மாடி. ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியே தெரிந்ததும் இன்னொரு கட்டடம்தான். அந்த அம்மாள் உறையைப் பிரித்து, கம்பளியை இரண்டு கையாலும் அள்ளி முகத்தை அதில் புதைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. நான் நன்றிக்குத் தயாரானேன். முகத்தை எடுத்தபோது, பரிசு கொண்டுவந்த விருந்தாளியைப் பார்ப்பது போல மரியாதையாக என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு ஐயா. எதுக்கு வீணாப் புதுசு வாங்குனிய? இது கடக் கம்பளில்லா. எனக்கு என்னோடது வந்தாப் போதும்."

உணவகத்தில் தொங்குகிற எந்தத் துணியும் மாதம் இரண்டு முறை சலவைக்குப் போய் வர வேண்டும் என்பது அங்கே விதி. சலவை செய்து, பூச்சி மருந்து அடித்து, வாசனைத் தண்ணீர் தெளித்து மாட்டுவார்கள். கேப்டனுக்கு அது தெரியும். வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்த எனக்கு எதுவும் தெரியவில்லை. கேப்டன் கம்பளியின் மூலையைத் தேடி, கங்கு விழுந்த ஓட்டையைக் காட்டினார். அந்த அம்மாள் அதற்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கம்பளியை நாலாக மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "காப்பி குடிக்கியளா?" என்று கேட்டார்.

இப்போது அந்தச் சுவரில் பழையபடி ஒரு கடைக் கம்பளி தொங்குகிறது. அதற்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். என்ன அசல் என்று குழுவில் வியக்கிறார்கள். நானும் போகிறேன். வறுவல் நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது. சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறேன். கேப்டன் கேரளத்தில் ஏதோ ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாராம். மழை அதிகமான ஊர் என்று கேள்வி. ஞாயிறுதோறும் கோவிலில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது, நைந்த ஓரமும் ஒரு ஓட்டையுமாக அந்தச் சாம்பல் கம்பளி என் கண்முன் வந்து தொங்குகிறது. அறிக்கையில் கம்பளிக்கென்று தனியாக ஒரு வரி இல்லை.

அன்றைக்குக் காப்பி குடித்துவிட்டு மாடிப்படியில் இறங்கும்போது கேப்டன் என்கூட வந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். சலவையில் வாசம் போயிருக்கும் என்று முன்னாலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தில் சிரிப்பில்லை. பழக்கத்தில் கை சட்டைப்பையைத் தடவியது. அன்றைக்கு விடுமுறை, நோட்டு இல்லை.

"விடுங்க சார்" என்றார். "அம்மா கருத்தையும் நோட் பண்ணிக்கிடுதேன்."