அம்மா கட்சி மாறிய ஞாயிற்றுக்கிழமை

அம்மா கட்சியை விட்டு விலகப்போகிறார் என்று தெரிந்தபோது, தங்கைக்கு யார் மடியில் வைத்துக் காது குத்துவது என்பதுதான் எட்டு வயதில் எனக்கிருந்த ஒரே கவலை. தாய்மாமன் மடியில்தான் குத்த வேண்டும். எங்களுக்கு இருந்தது ஒரே மாமா. அவர்தான் அந்தக் கட்சியின் கிளைத் தலைவர்.

அம்மாவை மகளிர் பிரிவுத் தலைவியாக்கியதும் அவரே. மலேசியாவில் கோலா சிலாங்கூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் கூட்டம் என்றால் நூறு பேருக்கு அரிசிச் சேமியா மீகூன் பிரட்டுவது அம்மா. தேர்தல் வந்தால் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் வீடு வீடாகப் போய், "இந்தத் தடவ தண்ணி கண்டிப்பா வரும்க்கா" என்று சொல்லி வருவதும் அம்மா.

தண்ணீர் வரவும் செய்தது. லயத்துக் கோடியில் புதுத் தொட்டி வைத்தார்கள். பெரிய தலைவர் வந்து ரிப்பன் வெட்டிக் குழாயைத் திறந்தார். அம்மா அழுதே விட்டார். மூன்றாம் நாள் குழாயில் வெறும் காற்று வந்தது. தொட்டிக்கு இணைப்பே கிடையாது. திறப்பு விழாவுக்காக லோரியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பியிருக்கிறார்கள்.

இரண்டு மாதம் அம்மா கட்சி அலுவலகத்துக்கு நடந்தார். "அடுத்த கூட்டத்துல பேசுவோம்" என்றார்கள். லயத்துப் பெண்கள் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரே வந்தால் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பள்ளி நோட்டிலிருந்து தாள் கிழித்து விலகல் கடிதம் எழுதினார். என்னை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார்.

மாமா வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையைக் கைலியில் துடைத்துவிட்டுக் கடிதத்தைப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இத வாட்சப்புல அனுப்பியிருக்கலாம்லா."

"ஒங்ககிட்ட நேர்ல சொல்லணும்ணே. நான் எதிர்க்கட்சியில சேரப்போறேன். அவங்களும் ஏமாத்துனா அங்கயும் இதே மாதிரி எழுதிக் குடுப்பேன்."

திறந்த குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாதான் போய் அதை மூடினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, காதுகுத்துக்கு வருவீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார்.

"ஏன் பாப்பா, ஒங்கம்மா கட்சியத்தான விட்டா? என்னையுமா விட்டுட்டா?"

அம்மா சிரிக்கப்போய் அழுதுவிட்டார். அத்தை எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்தார். திரும்பும் வழியில் அம்மா வண்டியை நிறுத்தி எனக்குத் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்தார். தனக்கும் ஒன்று வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். அந்த இரண்டு மாதத்தில் அவர் எதையும் ருசித்து நான் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் எனக்கு அன்று விளங்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது மாமா கடிதத்தைக் கார் மேல் விரித்து வைத்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தமிழ்ல எழுதுனா மேலிடத்துல ஏத்துக்குவாங்களா, இல்ல மலாய்ல எழுதணுமா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவின் கடிதத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியவரே அவர்தானே, அவருக்கு எதற்கு இந்தச் சந்தேகம் என்று மோட்டாரில் உட்கார்ந்தபடி யோசித்துக்கொண்டே வந்தேன்.