ரிட்டன் அருள்தாஸ்

"காலைல இன்னா துன்ன?"

மொட்டை மாடிக்கு ஏறி வருகிற ஒவ்வொருவரையும் அருள்தாஸ் இப்படித்தான் வரவேற்கிறார். வணக்கம் கிடையாது, பெயர் கேட்பது கிடையாது. இரண்டு இட்லி என்றால் போதாது என்கிறார். ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் மாடிப்படியைக் காட்டி, கீழே போய் அன்னம்மாளிடம் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறார். அன்னம்மாள் அவர் மனைவி. ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு ஒரு குண்டான் உப்புமா கிளறி மூடி வைத்திருப்பார். வந்திருப்பவர்கள் வானத்திலிருந்து விழப்போவதைப் பற்றி அந்த அம்மாளுக்கு அபிப்பிராயம் ஏதும் இல்லை. மாடியில் காயப்போட்ட மெத்தைமேல் விழுந்து பழகுகிறார்களே என்பதில்தான் வருத்தம்.

பொங்கல் கழிந்த மறுவாரம், பூந்தமல்லிக்கு மேற்கே குத்தம்பாக்கம் பக்கத்தில், யுத்த காலத்தில் போட்டுவிட்டு எல்லோரும் மறந்துபோன ஒரு ஓடுபாதையில் பாராசூட் குதிப்பவர்களின் மாநாடு கூடுகிறது. மாநாடு என்பது என் சொல். அவர்கள் மீட் என்கிறார்கள். பூனாவிலிருந்தும் ஆக்ராவிலிருந்தும் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்களெல்லாம் வந்து கூடாரம் அடிக்கிறார்கள். உள்ளூரில் ஏதோ பத்துப் பன்னிரண்டு முறை குதித்துவிட்டு, முதன்முதலாக அந்தக் கூட்டத்துக்குள் நுழைகிற புதுசுகளும் உண்டு. எங்கள் அம்பத்தூரில் இதற்கு ஆள் கிடைக்குமா என்று கேட்காதீர்கள். தொழிற்பேட்டைக்குப் போகிற எஸ்டேட் பஸ்ஸில் வருஷக்கணக்காகப் படியில் தொங்கியவனுக்கு விமானத்தின் கதவு ஒரு பெரிய விஷயமா என்ன? அந்தப் புதுசுகளுக்கு முந்தின ஞாயிறு கள்ளிக்குப்பத்தில் தன் வீட்டு மாடியில் அருள்தாஸ் வகுப்பெடுக்கிறார். எடுக்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

நான் எதிர்வீட்டுக்காரன். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் மாடியில் ஆட்கள் ஒவ்வொருவராக நின்று, காலைச் சேர்த்து, முழங்காலை மடக்கி, மெத்தையில் பக்கவாட்டில் உருளுவது தெரியும். தெரு முனையில் புதிதாகக் குடிவந்தவர்கள் இது ஏதோ ஜெபக்கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அருள்தாஸுக்கு நாற்பத்தெட்டு வயது. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். குள்ளம், கறுப்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. இடது முழங்கால் மாடிப்படி ஏறும்போது சத்தம் போடும். எங்கே போனாலும் முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டுதான் உட்காருவார். கல்யாணப் பந்தலில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கிள்ளிக் கீழே விட்டுப் பார்த்து, அடுப்புப் புகை வராத நாற்காலியாகப் பிடிப்பார். போன மாதம் ஒரு சாவு வீட்டிலும் அப்படியே செய்தார். செத்தவரின் தம்பி முறைத்துப் பார்த்ததை இவர் கவனிக்கவே இல்லை.

வகுப்பில் முதல் பாடம் சாப்பாடு. மகன் குதிக்கப் போகிறான் என்றால் நம் ஊர்த் தாய்மார்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஒருத்தி அம்மனுக்கு விரதம் என்பாள். ஒருத்தி மாதாவுக்கு ஒருசந்தி என்பாள். வேண்டிக்கொள்வது தாய், பட்டினி கிடப்பது பிள்ளை. அப்படிப் போன ஒருவன் விமானம் தரையை விட்டுக் கிளம்புமுன்பே மயங்கிப் பக்கத்து ஆளின் மடியில் சாய்ந்தானாம். "வேண்டிகினது யாரு, ஒங்கம்மா. அவங்க பட்னி கெடக்கட்டும். நீ நாஸ்தா துன்னுட்டு வா" என்கிறார்.

பிறகு ஷூ. புதுசு கூடாது. கல்யாணத்துக்கு வாங்கியது கூடவே கூடாது. அதைப் போட்டுக்கொண்டு ஓடுகிற பஸ்ஸைத் துரத்திப் பிடித்திருந்தால் அது சரியான ஷூ. ராத்திரி வெளியூர்க்காரர்கள் கிடார் வாசித்துப் பாடுவார்கள், நீ போய்ப் படு என்கிறார். பாட்டு கேட்க ஆசையாக இருந்தால் அதற்கு வீட்டில் ரேடியோ இருக்கிறது. இறங்கும்போது உன் காலைப் பார்க்காதே, பக்கத்தில் எவன் பாராசூட் குடை வருகிறது என்று பார். முதலில் தரையைத் தொட்டவன் எந்தப் பக்கம் பார்த்து இறங்கினானோ அந்தப் பக்கமே நீயும் இறங்கு. ஒன்வேயில் எதிரே வருகிற சைக்கிள்காரன்போல வந்து எவன்மேலும் மோதாதே.

அனுபவசாலிகள் இருபது முப்பது பேர் வானத்தில் கைகோத்து வட்டம் போடுவது இந்த மீட்டின் பெரிய வேடிக்கை. ஒரு ஆள் குறைந்தால் பக்கத்தில் நிற்கிற புதுசைத் தோளில் தட்டிக் கூப்பிடுவார்கள். அன்பாகத்தான் கூப்பிடுவார்கள், அதுதான் ஆபத்து. "பந்தில ஆள் கொறயுதுன்னு கூப்ட்டா ஓடிப் போயி குந்து. இதுக்குக் கூப்ட்டா, ஐயா நான் புதுசு, எனக்கு வராதுன்னு சொல்லு. வாய் இன்னா சுளுக்கிக்குமா?" என்று கேட்பார்.

கடைசிப் பாடத்துக்கு மட்டும் எழுந்து நின்றுகொள்கிறார். "கதவாண்ட போயி நிக்கசொல்ல, காத்து சரியில்ல, மனசு சரியில்லன்னு தோணுதா, பேசாம திரும்பி வந்து குந்திக்கோ. பிளேன் எப்டியும் கீழதான் வரப்போவுது. அதுல வெக்கம் இன்னா கீது?"

இந்த இடத்தில் மாடி சிரிக்கிறது. ஏனென்றால் கள்ளிக்குப்பத்தில் அவர் பெயரே ரிட்டன் அருள்தாஸ். கோயிலில் பாட்டுக்குழுவில் பாடுகிற இன்னொரு அருள்தாஸ் இருப்பதால் அடையாளத்துக்கு இது வசதியாகவும் போய்விட்டது.

பெயர் வந்தது எண்பத்து நாலில். அப்போதுதான் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி உலகநாதன் கிளப் ஆரம்பித்து, எஸ்டேட் ஆட்களை இலவசமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். முதல் மீட்டில் அருள்தாஸ் குதிப்பதைப் பார்க்க, கூட வேலை செய்கிற சின்னப்பையன் என்பவன் தன் வேனில் தெருவையே ஏற்றிக்கொண்டு போனான். மேளக்காரர்கள்கூட இருந்தார்கள். விமானம் ஏறியது, குடைகள் விரிந்தன, எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு விமானம் இறங்கிக் கதவு திறந்ததும் உள்ளேயிருந்து அருள்தாஸ் இறங்கி வந்தார். "மாமே, ரிட்டன் டிக்கெட் எடுத்துகினுதான் ஏறுனியா?" என்றான் சின்னப்பையன். தெரு இன்றுவரை அதை விடவில்லை.

காற்று மோசமாக இருந்ததா என்று நான் ஒருமுறை கேட்டேன். "காத்துலாம் ஒண்ணுமில்ல சார். பயந்துட்டேன்" என்று சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். அடுத்த மாதமே போய்க் குதித்திருக்கிறார். முழங்கால் போகும்வரை வருஷக்கணக்கில் குதித்திருக்கிறார். அதையெல்லாம் பார்க்க யாரும் வேன் பிடித்துப் போகவில்லை.

இந்தப் பெயரை அவர் அசட்டையாகச் சுமக்கிறார். சுமக்க முடியாதவள் அவர் மகள் ஹில்டா. பள்ளிக்கூடத்திலேயே அவள் 'ரிட்டன் பொண்ணு'. இப்போது இருபத்திரண்டு வயது, எஸ்டேட்டில் ரேடியோ பாகங்கள் பூட்டுகிற வேலை. அப்பாவுக்குச் சொல்லாமலே கிளப்பில் சேர்ந்து, வேடிக்கை பார்க்க ஆளில்லாத மாதங்களில் பத்துமுறை குதித்துவிட்டாள். இந்த வருஷம்தான் அவளுக்கு முதல் மீட். வகுப்பன்று மாடிச் சுவர்மேல் உட்கார்ந்து எல்லாம் கேட்டாள். கடைசிப் பாடம் வந்ததும் இறங்கிக் கீழே போய்விட்டாள். அன்னம்மாளிடம் அவள் சொன்னது எனக்கும் கேட்டது. இன்னா காத்து அடிச்சாலும் சரி, நான் ரிட்டன் வரமாட்டேன் என்றாள்.

அன்று சாயங்காலம் அருள்தாஸ் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பேப்பர் கேட்க வந்ததாகச் சொன்னார். பேப்பரை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகாமலே நின்றார். "ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் சொல்றேன் சார். எம் பொண்ணுக்கு மட்டும் சொல்ல முடியல. நான் சொன்னாலே அவ குதிச்சிருவா. புயல் அடிச்சாலும் குதிச்சிருவா. எனக்குப் பயமா கீது." பேப்பரை நாளைக்குக் கொடுத்தால் போதும் என்றேன்.

மீட்டின் கடைசி நாள் சின்னப்பையன் மறுபடியும் வேன் எடுத்தான். தெருவில் பாதி ஏறிக்கொண்டது, நானும்தான். முன்சீட்டில் ஈரத்துணி சுற்றிய பெரிய ரோஜா மாலை, ஹில்டாவுக்கு. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவனுக்கு. பெயர் வைத்தவனே பெயரை எடுத்துவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ.

களத்தில் அருள்தாஸுக்கு ஒரே வேலை. புல்லில் இரண்டு நீளமான வெள்ளைத் துணிகளை ஆங்கில டி எழுத்தாக விரித்து வைப்பது. மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு டி தெரிந்தால் குதிக்கலாம். குறுக்குத் துணியை எடுத்துவிட்டால் வெறும் கோடு. அப்புறம் ஒருவரும் குதிக்கக் கூடாது, எல்லாரோடும் விமானம் இறங்க வேண்டும். துணிக்காரனுக்குச் சந்தேகம் வந்தால் யாரையும் கேட்காமல் எடுத்துவிடலாம் என்பது உலகநாதனே போட்ட விதி. போட்டாரே தவிர, விருந்தாளிகள் வந்திருக்கும்போது அப்படி எடுப்பதில் அவருக்குப் பிரியம் கிடையாது.

புதுசுகளின் முறை வந்தது. அப்பா நிற்கிற பக்கம் பார்க்காமலே ஹில்டா விமானத்தில் ஏறினாள். அது கிளம்பி மேற்கே போய் வட்டமடித்து உயரம் ஏறியது. அதுவரை காற்று சாதாரணம். ஓடுபாதை ஓரத்தில் குத்தம்பாக்கத்துப் பெண்கள் முறத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். விமானம் எங்கள் தலைக்கு மேலே திரும்பும் நேரத்தில் காற்று குபுகுபுவென்று வந்தது. பதரோடு நெல்லும் பறந்தது. அந்தப் பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டுக் குவியல்மேல் சாக்கை இழுத்து மூடி அதன்மேலேயே குந்திவிட்டார்கள். உலகநாதன் கையிலிருந்த காற்றுமானியைப் பார்த்து, தாங்கும், தாங்கும் என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் அதையே பார்த்தார்.

அருள்தாஸ் மேலே பார்த்தார். பிறகு வேன் பக்கம் பார்த்தார். அங்கே சின்னப்பையன் மாலையின் ஈரத்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தான். "இப்போ எடுத்தேன்னா இந்த ஜென்மத்துக்கு எங்கிட்ட பேச மாட்டா சார்" என்றார் என்னிடம்.

சொல்லிவிட்டு ஓடினார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு மனுஷன் ஓடியதை நான் பார்த்தேன். துணிமேல் பாரத்துக்கு வைத்திருந்த கற்களை எட்டி உதைத்தார், குறுக்குத் துணியைப் பிடித்து இழுத்தார். காற்று அதை மடிக்க விடவில்லை. முடிந்தவரை சுருட்டி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மறுமுனை படபடவென்று அடித்தது. நான் போய்ப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. எனக்கும் சின்னப்பையன் வேனில்தான் வீடு திரும்ப வேண்டியிருந்தது.

குடை ஒன்றும் விரியவில்லை. விமானம் சுற்றி வந்து இறங்குவதற்குள், வந்த காற்று வந்த வழியே போய்விட்டது. திசை காட்டக் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை ஈர வேட்டிபோலத் தொங்கியது. உலகநாதன் காற்றுமானியை அருள்தாஸின் மூக்குக்கு நேரே நீட்டி, இதைப் பார், இதைப் பார் என்றார். அருள்தாஸ் பார்த்தார். துணியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண்கள் மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த விமானத்துக்கு ஆட்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். சொந்த மகள் என்றதும் கிழவனுக்குக் கை நடுங்கிவிட்டது என்று வெளியூர்க்காரர் ஒருவர் இந்தியில் சொன்னது எனக்கே புரிந்தது.

புதுசுகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக ஹில்டா. முதுகில் பாராசூட் மூட்டையோடு புல்வெளியைத் தாண்டி நேராக அப்பாவிடம் வந்தாள். வேனில் வந்தவர்கள் எல்லாரும் பின்னாலேயே வந்து சுற்றி நின்றார்கள். அருள்தாஸ் தலையைத் தூக்கவில்லை. நான்தான் எடுத்தேன் என்றார் தரையைப் பார்த்து.

அவள் குனிந்து, அவருக்கும் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்ட எனக்கும் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "கதவாண்ட கால வெளிய போட்டுகினு இருந்தேன்ப்பா. காத்து கால அப்டியே இழுத்துச்சி. நீ எடுக்கலன்னா, பயந்துகினே குதிச்சிருப்பேன்."

இதெல்லாம் சின்னப்பையனுக்குக் கேட்கவில்லை. கையில் மாலையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அவனுக்கு ஏதாவது பேசியாக வேண்டும். "அப்பன் ரிட்டன், பொண்ணும் ரிட்டன். குடும்பத்தோட பாஸ் எடுத்துடு மாமே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஹில்டா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "ஆமா, ரிட்டன்தான். இன்னா இப்போ?"

காற்று சுத்தமாக நின்றிருந்தது. துணியின் மறுமுனை அசையாமல் புல்லில் கிடந்தது, அதைப் பிடிக்க ஆள் தேவையே இல்லை. ஹில்டா ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, முதுகு மூட்டையோடு அந்த முனையின் மேல் போய் உட்கார்ந்தாள்.