கார்போகத் தைலமும் பங்குனி வெயிலும்

திண்டிவனத்தில் ஜெயமதியின் எண்ணெய்க் கடைக்கு நல்ல பெயர். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலையின் எண்ணெயும் வாங்க வந்தவர்கள், நாளடைவில் உடம்பைப் பற்றியும் அவளிடம் பேச ஆரம்பித்தார்கள். குழந்தைக்கு வேர்க்குரு, மாமனாருக்குப் பாதவெடிப்பு, பெண்ணுக்கு முடி கொட்டுகிறது. சென்னைக்குப் போய் இரண்டு நாள் பயிற்சி எடுத்து வந்தபின் ஜெயமதி தைலங்களும் காய்ச்சி அடுக்கிவிட்டாள். பேச்சில் அவளுக்குத் தயக்கமே இருந்ததில்லை.

"எல்லாம் செடியிலேர்ந்து வர்றது. இதுல கெடுதல் எங்கேர்ந்து வரும்?" என்பாள்.

பங்குனியில் ஒரு நாள் பெருமுக்கல்லிலிருந்து ஆரோக்கியசெல்வி வந்தாள். கழனி வேலை செய்கிறவள். முழங்கையிலிருந்து விரல்வரை தோல் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. மகள் இளவரசிக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் இந்தக் கையோடு எப்படித் தட்டை எடுத்து நீட்டுவது என்பதுதான் அவள் கவலை.

ஜெயமதி வெண்திட்டுக்குப் பூசும் கார்போக அரிசித் தைலத்தை எடுத்து வைத்தாள். "காலையில குளிச்சதும் தடவு. நிறம் தன்னால வரும்."

தடவிய தோலில் வெயில் அதிகம் பட்டால் கொப்பளித்துவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அது ஜெயமதிக்கு நினைவில்லாமல் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நாளெல்லாம் வெயிலில் நிற்கிறவளிடம் அதைச் சொன்னால், புட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். சொல்லாமல் பையில் போட்டுக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து, எண்ணெய் வாங்க வந்த பெருமுக்கல் வேணி சொன்னாள்: "ஒங்க தைலம் வாங்கினாளே எங்க ஊரு செல்வி, ரெண்டு கையும் வெந்த மாதிரி ஆயிடுச்சிங்க. விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கா."

வேணி படியிறங்கியதும் ஜெயமதி முதலில் செய்த காரியம், மிச்சமிருந்த கார்போகப் புட்டிகளை எடுத்துச் சாக்குக்குப் பின்னால் ஒளித்ததுதான். ஒளித்துவிட்டு நிமிர்ந்தபோது தன் கைகளைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. அன்று இரவு சோற்றுத் தட்டை அப்படியே நகர்த்தி வைத்தாள். கணவர் குணபத்திரன் என்னவென்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

மறுநாள் பெருமுக்கல்லுக்கு பஸ் ஏறினாள். ஆரோக்கியசெல்வி இரண்டு கையிலும் கட்டோடு எழுந்து நின்று, "ஐயோ, நீங்க எதுக்குங்க இம்மாந்தூரம்?" என்று பதறினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நான்தான் சரியாத் தடவல போல. சீக்கிரம் ஆவட்டும்னு நெறய பூசிக்கினு மல்லாட்டை புடுங்கப் போயிட்டேன்."

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று ஜெயமதி வாயைத் திறந்தாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்" என்பதுதான் வந்தது.

விழுப்புரத்தில் தோல் டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். கட்டைப் பிரித்தார். கொப்புளங்கள் உடைந்து தோல் கருத்து உரிந்திருந்தது. ஜெயமதி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டாள்.

"இதைப் போட்டுட்டு வெயில்ல போவக்கூடாதுன்னு கொடுத்தவங்க சொல்லலியா?"

ஆரோக்கியசெல்வி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சொன்னாங்கம்மா. நான்தான் கேக்கல."

"சொன்னதைக் கேக்க மாட்டீங்க, அப்புறம் இங்க வந்து அழுவீங்க" என்று டாக்டர் கடிந்துகொண்டார். ஆரோக்கியசெல்வி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். வாசலில் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஜெயமதி ஓர் அடி முன்னால் வந்தாள். "டாக்டர், கொடுத்தது நான்தான். நான் சொல்லல. எனக்குத் தெரியும், இருந்தும் சொல்லல."

டாக்டர் அவளிடம் நிறைய பேசினார். அதில் ஒன்றும் அவள் மனதில் நிற்கவில்லை. ஆரோக்கியசெல்வியின் முகம் மாறியதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் ஆரோக்கியசெல்வி நின்றாள். "ஒங்களுக்கே தெரியாம நடந்துடுச்சின்னு நெனச்சித்தான் நான் பொய் சொன்னேன். நல்ல மனுசி, பேரு கெடக்கூடாதுன்னு." ஜெயமதியை நேராகப் பார்த்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாங்க. நான் வாங்காமப் போயிருப்பேன், அவ்ளோதானே?"

ஷேர் ஆட்டோ வந்தது. ஆரோக்கியசெல்வி கட்டுப்போட்ட கையால் கம்பியைப் பிடிக்க முடியாமல் தடுமாறினாள். தாங்கப் போன ஜெயமதியின் கையை முழங்கையால் விலக்கிவிட்டு, தானே ஏறி உட்கார்ந்தாள்.

அன்றே ஜெயமதி தைலங்களையெல்லாம் சாக்கடையில் கொட்டினாள். சமையல் எண்ணெயோடு நிறுத்திக்கொண்டாள். தோலுக்கு என்று கேட்டு வருகிறவர்களிடம், தன்னால் ஒருத்திக்குக் கை வெந்ததைச் சொல்லி, டாக்டரைப் பார்க்கச் சொல்லுவாள். சிலர் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

வைகாசியில் இளவரசியின் நிச்சயம் நடந்தது. வேணி தன் போனில் படம் காட்டினாள். ஆரோக்கியசெல்வி அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை மூடிய ரவிக்கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களக் கூப்புடலீங்களா?" என்று வேணி கேட்டாள்.

"இல்ல" என்று சொல்லி ஜெயமதி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.