பரவால்லீங்க

மகளுக்கு ஏழு முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தபோது, காலையில் கட்டிலைவிட்டு இறங்க அவளுக்கு நேரமாக ஆரம்பித்தது. விழித்துவிடுவாள், இறங்கமாட்டாள். விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபடி தரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போவாள். பள்ளி வேன் வந்து நிற்பதற்குள் நடை ஏறக்குறைய சரியாகிவிடும். சாயங்காலம் தெருவில் ஓடுவாள். பள்ளிக்கூடம் போகச் சுணங்குகிறாள் என்றே நான் முடிவு கட்டினேன். அந்த வயதில் வயிற்றுவலி, தலைவலி எல்லாவற்றையும் பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்துக்கு மட்டும் வைத்திருந்தவன் நான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. மோட்டார் பம்புக்கு வேண்டிய உதிரிகளைக் கடைந்து கொடுக்கிறோம். எனக்குக் கோபம் சட்டென்று வரும், ஆனால் இடம் பார்த்துத்தான் வரும். பட்டறையில் ஒரு அளவு தவறினால் கத்துவேன். வீட்டில் சோறு குழைந்தால் கத்துவேன். வெளியாள் முன்னால் போய் நின்றால் குரல் தானாக இறங்கிவிடும். வீட்டில் புலி, வெளியில் எலி என்று மனைவி சொல்வது என்னைத்தான். அதை மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தை மாதம் சென்னிமலைக்குப் போயிருந்தோம். மனைவிக்கு அதுதான் பிறந்த ஊர். மச்சான் வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே காலைச் சாப்பாடு முடித்துவிட்டு எல்லோரும் மலை ஏறினோம். முந்தின வருஷம் எங்களுக்கெல்லாம் முன்னால் ஓடி, மேலே நின்று கையாட்டிய மகள், இந்த முறை பாதிகூட ஏறாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறோம் என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். நான் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏறினேன். கால் இரண்டையும் பிடித்திருந்த கையில், இடது முட்டி மட்டும் சுட்டது. வெயில் அதில் மட்டும் அடித்திருக்குமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கீழே வந்ததும் மனைவி விடவில்லை. அடுத்த வாரமே காந்திபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த குழந்தை டாக்டரிடம் காட்டினோம். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர்தான் டாக்டர். தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து கிளினிக் போட்டவர், கைராசிக்காரர், டோக்கன் வாங்கி மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உள்ளே போனதும் எங்கே வலி, எப்போது வலி என்று கேட்டார். காலையில் கொஞ்சம் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். "கொஞ்சம்" என்பதும் நான் போட்ட சொல்தான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்துச் சிரித்தார். வளர்கிற பிள்ளைகளுக்குக் கால் வலிக்கும், வளர்ச்சி வலி, பயப்பட ஒன்றுமில்லை, ராத்திரி நல்லெண்ணெய் தேய்த்துவிடுங்கள் என்றார். ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டு எந்த அப்பன் வருத்தப்படுவான்? வரும் வழியில் ஒரு கடையில் அவளுக்குப் பெரிய அளவில் செருப்புகூட வாங்கினேன், வளர்ந்துவிடுவாளே என்று.

அவள் வளரவில்லை. அந்த வருஷம் முழுக்க எடைகூட ஏறவில்லை. எண்ணெய் தேய்த்தோம், டானிக் கொடுத்தோம், மாதம் ஒரு முறையோ இரு முறையோ காந்திபுரம் போனோம். எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்பார், நான் பதில் சொல்வேன், அவர் டானிக்கை மாற்றுவார். வெளியே வந்து பஸ் ஏறியதும் எனக்குக் கோபம் பொங்கும். இவரெல்லாம் என்ன படித்தார், பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் என்ன வைத்தியம் என்று வீடு வரை மனைவியிடம் புலம்புவேன். "ஏனுங்க, இத உள்ளயே சொல்லியிருக்கலாமல்லங்க" என்று அவள் கேட்பாள். அதெப்படி முகத்துக்கு நேராகச் சொல்வது என்பேன். வேறு டாக்டரிடம் போகலாம் என்றால், அவர் என்ன நினைப்பார் என்பேன். அவர் என்னைப் பற்றி நினைக்கவே மாட்டார் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பள்ளி ஆண்டு விழாவுக்கு ஆட மகள் பேர் கொடுத்திருந்தாள். ஒத்திகையில் முதலில் பின் வரிசைக்கு மாற்றினார்கள், பிறகு வேண்டாம் என்றார்கள். அன்றைக்கு மனைவி அவளைக் கட்டிலில் படுக்கவைத்து இரண்டு காலையும் நீட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். வலது கால் மெத்தையில் படிந்தது. இடது முட்டிக்கு அடியில் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி. அவள் என்னைக் கேட்கவில்லை. ஒரு ஆட்டோவைப் பிடித்து, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்த மூட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டு, அங்கிருந்துதான் எனக்குப் போன் செய்தாள். நான் பட்டறையிலிருந்து கையில் கிரீஸோடு ஓடினேன்.

அந்த டாக்டர் அம்மா நாற்காலியைவிட்டு எழுந்து வந்து, மகளின் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு முட்டியிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். நடக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று, இது குழந்தைகளுக்கு வருகிற மூட்டுவாதம் என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக வெளியாள் முன்னால் என் குரல் உயர்ந்தது. அதுவும் தவறான ஆள் முன்னால். "வாதம் வயசானவங்களுக்கு வர்றதுங்க. இது எட்டு வயசுக் கொழந்தைங்க. அங்க வளர்ச்சி வலின்னாங்க, இங்க வாதம்ங்கறீங்க, ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா நாங்க எங்கீங்க போறது?" என்று கேட்டேன். வாசலில் இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார். டாக்டர் அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. எந்த வயதிலும் வரும், சாப்பாட்டால் வந்ததில்லை, யாரும் செய்த தப்புமில்லை, உடம்பே தன் மூட்டை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது என்று விளக்கினார். மருந்து இருக்கிறது, வீக்கத்தை அடக்கிவிடலாம் என்றார். மனைவி ஒன்றுதான் கேட்டாள்: காலை முழுசாக நீட்டுவாளா?

"இன்னும் முன்னாடியே வந்திருந்தா நிச்சயமா ஆமான்னு சொல்லியிருப்பேன்" என்றார் டாக்டர் அம்மா. "இப்போ முயற்சி பண்ணலாம்."

அந்த "முன்னாடியே" என் காதில் அன்று முழுக்க நின்றது. வீட்டுக்கு வந்த பிறகு என் கோபத்துக்குச் சரியான முகவரி கிடைத்துவிட்டது. மறுநாள் பட்டறையைப் பூட்டிவிட்டுத் தனியாகக் காந்திபுரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் வசனம் தயாரித்தேன். ஒரு வருஷம் எண்ணெய் தேய்க்கச் சொன்னீர்களே, ஒரு தடவை அந்த முட்டியைத் தொட்டீர்களா? உங்கள் பிள்ளையாக இருந்தால் இப்படித்தான் தூரத்திலிருந்து பார்ப்பீர்களா? காத்திருந்த கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி பேச வேண்டும் என்று தீர்மானித்தேன். டோக்கன் வாங்கி, அழுகிற பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் இன்னும் கூர்மையாக்கினேன்.

உள்ளே போனேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது. சிரித்துக்கொண்டே, "வாங்க. பாப்பா கூட வரலியா? எப்படி இருக்கா?" என்றார்.

"பரவால்லீங்க" என்றேன்.

நான் சொல்லவில்லை, அது வந்தது. யார் எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் என் வாயிலிருந்து வருவது அதுதான். பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கும் அதைத்தான் சொல்வேன். தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கிடந்த என் சித்தப்பாவைப் பார்க்கப் போனபோது, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்லீங்க தம்பி, சாப்புட்டீங்களா?" என்றுதான் கேட்டார். எங்கள் பக்கத்தில் வலியை அடுத்தவர் மடியில் இறக்கிவைப்பது மரியாதை இல்லை. கேட்டவர் மனம் நோகக்கூடாது. நோவு இருக்கிறவர்தான் கேட்டவரைத் தேற்ற வேண்டும். கேட்பவரும் எங்கள் ஊர்க்காரர் என்றால் சிக்கலில்லை. அந்தச் சொல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு முகத்தைப் பார்ப்பார்.

டாக்டர் அந்தச் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷம். ஒவ்வொரு தடவையும் நீங்க பரவாயில்லைன்னு சொல்லும்போதே நெனச்சேன், தானா சரியாயிடும்னு" என்றார்.

நான் தயாரித்து வைத்திருந்த வசனம் அத்தனையும் அந்த நாற்காலியிலேயே செத்துப்போனது. ஒவ்வொரு தடவையும். டோக்கன் வாங்கிக் காத்திருந்து, மருத்துவரின் எதிரே உட்கார்ந்து, பிள்ளை குணமாகிக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு வருஷம் நானே அவரிடம் சொல்லிவந்திருக்கிறேன். பிறகு பஸ்ஸில் ஏறி, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று திட்டியிருக்கிறேன்.

தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். மூட்டுவாதம் என்கிறார்கள், இடது முட்டி நீளவில்லை என்கிறார்கள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். தான் எழுந்து வந்து முட்டியைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், தவறிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். பெரிய டாக்டர், என்னைவிட வயதில் மூத்தவர், என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

"பரவால்லீங்க டாக்டர்" என்றேன்.

இந்த இரண்டாவதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. முதலாவது பழக்கம். இரண்டாவது, என் மகளின் காலை அவளைக் கேட்காமலே தானம் கொடுத்தது. மன்னிப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் அவள். அதை நான் மரியாதைக்காகச் சொல்லிவிட்டு, போய்ட்டு வாரேனுங்க என்று கும்பிடும் போட்டுவிட்டு வெளியே வந்தேன். டாக்டர் மேல் எனக்கு இப்போதும் வருத்தம் உண்டு. யார் என்ன சொன்னாலும் கை முட்டிக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அந்த வருத்தத்தை முழுதாகப் படுவதற்கான உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன்.

வாரம் ஒரு முறை சாப்பிடுகிற மாத்திரை தொடங்கியது. சாப்பிட்ட மறுநாள் வாந்தி எடுப்பாள். இந்த வியாதி சத்தமில்லாமல் கண்ணையும் பிடிக்கும் என்பதால் கண் பரிசோதனைக்கும் போக வேண்டும். ஒரு பெண் வந்து காலை நீட்டி மடக்கப் பயிற்சி கொடுத்தார். எண்ணெய் தேய்க்க ஆரம்பித்த நாளிலிருந்தே நான் தினமும் காலையில் பட்டறைக்குக் கிளம்பும் முன் மகளின் கட்டிலுக்குப் போய் விசாரித்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவேன். இப்போது எவ்வளவோ தேவலை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து மூட்டு டாக்டரிடம் போனபோது, நீங்கள் பேசாமல் உட்காருங்கள் என்று மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். டாக்டர் அம்மா ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை முட்டியின் ஓரம் வைத்துக் கோணம் பார்த்தார். வீக்கம் வடிந்துவிட்டது, சூடு இல்லை, நல்ல முன்னேற்றம் என்றார். கால் ஓரளவு நீண்டிருக்கிறது, ஆனால் இந்தக் கடைசிக் கொஞ்சம் அநேகமாக இப்படியேதான் இருக்கும் என்றார். ஓடலாம், சைக்கிள் ஓட்டலாம், நடையில் லேசாக ஒரு சாய்வு தெரியும். மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டாக்டர் அம்மா மகளிடமே கேட்டார். வலியே இல்லையென்றால் சைபர், தாங்கவே முடியாது என்றால் பத்து. இப்போது காலையில் எழும்போது எத்தனை?

"இப்ப மூணுங்க" என்றாள்.

"மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி?"

அவள் யோசிக்கவே இல்லை. "ஒம்பதுங்க."

அந்தக் கட்டிலின் விளிம்பும், சுவரைப் பிடித்து நடந்ததும், நான் சிரித்ததும் ஒன்றாக வந்து என் நெஞ்சில் இறங்கின. வெளியே மருந்து வாங்குகிற வரிசையில் மனைவி நின்றாள். நான் மகளைப் பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அத்தன நோவையும் வெச்சுக்கிட்டு அப்பாகிட்ட ஏங்கண்ணு ஒரு வார்த்த சொல்லல? நான் தெனமும் கேட்டனல்ல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். குறை சொல்கிற முகம் இல்லை அது. கேட்டதற்குப் பதில் சொல்கிற பிள்ளையின் முகம்.

"நீங்க எப்பவும் 'பரவால்லியா கண்ணு'ன்னுதானுங்கப்பா கேப்பீங்க" என்றாள்.