வெட்டாமல் விட்ட இடம்

றஊபின் குஷன் கடைக்கும் என் ஹாட்வெயாருக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர் ஒன்றுதான். அவன் அந்தப் பக்கம் தும்மினால் நான் இந்தப் பக்கமிருந்து யர்ஹமுகல்லாஹ் சொல்லலாம். ஆகவே அவனுடைய கதையைச் சொல்வதற்கு என்னைவிடத் தோதான ஆள் சாய்ந்தமருதில் கிடையாது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரையும் சட்டென்று நம்புகிற பழக்கம் இல்லை. நான் பூட்டு விற்கிறவன். எல்லாரையும் நம்பச் சொல்லிக்கொண்டிருந்தால் என் கடையில் யார் சாமான் வாங்குவார்கள்?

றஊப் பஸ் சீட், ஓட்டோ சீட், சோபா எல்லாம் தைப்பான். கத்தாரில் மூன்று வருடம் இதே வேலைதான் பார்த்தான். அங்கிருந்து திரும்புகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் டீவியும் கம்பளியும் சுமந்து வருவார்கள். இவன் தன் அறையில் இருந்த பிலிப்பைன்காரன் விற்றுவிட்டுப் போன கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினான். அவனுடைய உம்மா அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார். அவன் அதைக் கடைக்குக் கொண்டுவந்தான். அன்றையிலிருந்து என் நிம்மதி போனது.

நிப்றாஸ் நிந்தவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். மோட்டர்சைக்கிள் சீட் கிழிந்துபோய் ஒருநாள் றஊபிடம் வந்தான். தையல் முடியும்வரை கிற்றாரைப் பார்த்துக்கொண்டிருந்தவன், கொஞ்சம் வாசித்துக் காட்டச் சொன்னான். றஊப் வாசிக்க, இவன் வாயில் வந்ததை முணுமுணுத்தான். சீட் தைத்து முடிந்த பிறகும் அவன் போகவில்லை. பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் எழும்பினான்.

இரண்டு பேரும் சேர்ந்து வைத்த பெயர் 'தோணா'. எங்கள் ஊருக்கு நடுவால் கடலுக்குப் போகிற நீரோடையின் பெயர் அது. குப்பை சேர்ந்து, சல்வீனியாக் களை மூடி, பாலத்தில் நின்றால் மூக்கைப் பொத்த வேண்டும். "ஊர்ல வேற பேரே கிடைக்கல்லியா?" என்று கேட்டேன். "நாத்தமெண்டாலும் நம்மட தானே காக்கா," என்றான் நிப்றாஸ். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். வாத்தியார்மாருக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

ரெக்கோடிங் நடந்தது குஷன் கடையின் பின்னறையில். சுற்றிவர ஸ்பொஞ்ச் அடுக்கி, வாசலுக்குப் பழைய பஸ் சீட் இரண்டை நிமிர்த்தி வைத்து, உள்ளே மைக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்று பக்கமும் பள்ளிவாசல் இருக்கிற இடம். பாங்குச் சத்தம் பாட்டுக்குள் வந்துவிட்டால் அது பெரிய பிழை என்று இரண்டு பேருக்குமே பயம். அதனால் மத்தியான லுஹருக்கும் பின்னேர அஸருக்கும் இடையில்தான் பாடுவார்கள். அந்த நேரத்தில் நான் பைப் அறுக்கக்கூடாதாம். என்னுடைய கடையில் எனக்கே சட்டம்!

2017இல் முதல் பாட்டு வந்தது, 'கரைச்சல்'. வாடகைக்கு வீடு தேடி அல்லல்படுகிறவனின் பாட்டு. யூடியூபில் முகம் காட்டவில்லை. ஓடுகிற தையல் மெசினை மட்டும் காட்டினார்கள். அடுத்த வருடம் 'அலை வராத நாள்'. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுகள் வெடித்து ஊரே வாயடைத்துப் போனபோது கிற்றாரும் உறைக்குள் போனது. வருடம் முடியும்வரை வெளியே வரவில்லை. கொரோனாக் காலத்தில் கடை பூட்டியிருக்க, பின்கதவால் புகுந்து ஏழு பாட்டுச் சேர்த்தார்கள். 'ஊரடங்கு' என்று அதற்குப் பெயர். அது லண்டனிலும் டோஹாவிலும் ஓடியது, உள்ளூரில் ஓடவில்லை.

உள்ளூரில் ஓடியது 2022இல் வந்த 'வரிசை'. பெற்றோலுக்கு நாங்கள் எல்லாரும் நாயாய்ப் படுத்துக் கிடந்த காலம். அந்தப் பாட்டின் நடுவில் நிப்றாஸ் நிறுத்திக்கொள்வான். அரை நிமிசம்போல றஊபின் கிற்றார் மட்டும் போகும். வரிசையில் நிற்கிற வாகனம்போலக் கொஞ்சம் நகரும், நிற்கும், திரும்ப நகரும், பிறகு ஒரே ஓட்டமாக ஓடும். எனக்குப் பாட்டென்றால் ஆகாது. ஆனாலும் அந்த இடம் வந்தால் கல்லாவில் இருந்தபடியே காலைத் தட்டுவேன்.

அடுத்த வருடம் நிப்றாஸுக்குக் கலியாணம். பெண் மருதமுனை, பெயர் நஸ்லியா. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்குப் போவான். மாமனார் அச்சிமுகம்மது ஹாஜியார் கைத்தறிச் சாறன் வியாபாரி, தொழுகையில் பிடிப்பானவர், மகளுக்கு மேல்மாடியோடு வீடு கட்டிக் கொடுத்தவர். அப்படிப்பட்ட வீட்டுக்குப் போன மாப்பிள்ளை, மாமனார் இருமினாலும் எழும்பி நிற்பான். எனக்கு அப்போதே மனதில் ஏதோ இடித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் அவன் வருவது குறைந்தது. புதுப்பாட்டு ஒன்று பாதியில் கிடந்தது. 'இந்தக் கிழமை முடிப்பம்' என்பான், அந்தக் கிழமை வராது. வந்தாலும் போனைக் கவிழ்த்து வைப்பான். ஒருநாள் வந்து, தோணாவின் பாட்டுகள் எல்லாவற்றிலும் தன்னுடைய குரலை மட்டும் தனியாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்டான்.

"என்னத்துக்கு மச்சான்?" என்று கேட்டான் றஊப்.

"சும்மா. வீட்ட வெச்சிக் கேக்க."

றஊப் கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகுதான் என்னிடம் வந்து கேட்டான், நான் என்ன நினைக்கிறேன் என்று.

"ஒருத்தன் பூட்ட உன்னிட்ட விட்டுப்போட்டு திறப்ப மட்டும் கேட்டா, நீ என்ன நினைப்பா?" என்றேன்.

அன்றிலிருந்து அவனுக்கு உறக்கமில்லை. கொழும்பில் ஒரு கம்பனி நிப்றாஸைத் தனியாக எடுக்கப்போகிறது என்று முடிவுகட்டிக்கொண்டான். கண்டிக்குப் போவதாகச் சொன்ன நாளில் நிப்றாஸை அக்கரைப்பற்றில் ஒரு காருக்குள் கண்டதாக யாரோ சொன்னார்கள். யாருடைய கார்? தெரியாது. றஊப் தோணா செனலின் பாஸ்வேர்டை மாற்றினான். நிப்றாஸுக்கு அது தெரியவந்திருக்கும்; ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குற்றமில்லாதவன் என்றால் கேட்டிருக்க மாட்டானா? எனக்கும் அப்படித்தான் பட்டது.

விசயம் வெளியானது ஒரு பஸ்காரனால். சீட் மாற்ற வந்த ட்ரைவர், றஊப் றெக்சின் அளந்துகொண்டிருக்கும்போது போனில் பாட்டுப் போட்டான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. 'வரிசை'தான், ஆனால் ஏதோ தோலுரித்த மாதிரி இருந்தது. நான் எழும்பி அந்தப் பக்கம் போனேன். நிப்றாஸின் குரல் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. கிற்றார் இல்லை, ட்ரம் இல்லை, ஒன்றுமே இல்லை.

"இது மியூசிக் இல்லாதது காக்கா," என்றான் ட்ரைவர் சந்தோசமாக. "இப்ப மவுலவிமார் ஏறினாலும் நிப்பாட்டத் தேவயில்ல. பஸ்ஸெல்லாம் இதுதான் ஓடுது."

பாட்டு நடுவில் நின்றது. ட்ரைவர் போனைத் தட்டினான்.

"இந்த இடத்தில எப்பவும் இப்பிடித்தான். கொஞ்ச நேரம் சத்தமே வராது. ஏத்தினவனுக்கு ஒழுங்கா ஏத்தத் தெரியா."

பிறகு குரல் திரும்பவும் வந்தது. றஊப் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தான். நிப்றாஸ் என்று ஒரு பெயர்தான் இருந்தது. தோணா என்று எங்கேயும் இல்லை. அவனுடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. தான் போட்ட மெட்டு ஊர் பஸ்ஸெல்லாம் ஓடுகிறது, தான் மட்டும் அதில் இல்லை.

அன்று பின்னேரமே மருதமுனைக்குப் போனோம். நானும் ஏறிக்கொண்டேன். சண்டை வந்தால் விலக்க ஓர் ஆள் வேண்டும். வராவிட்டாலும் என்ன நடந்தது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். நிப்றாஸ் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. கேற்றைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நின்றான். ஹாஜியார் உள்ளே இருக்கிறார் என்று அதிலேயே விளங்கியது.

"மெட்டு ஆர்ர?" என்று கேட்டான் றஊப்.

"உன்டதான்."

"அப்ப என்ட பேர் எங்க?"

"மெதுவாக் கத மச்சான். மாமாக்கு வாக்குக் குடுத்திருக்கன். கருவி ஒண்டும் இல்லாட்டிப் பாடலாம் எண்டார். இல்லாட்டிப் பாட்டே வேணாம் எண்டார். உன்ட பேரப் போட்டா கிற்றார்காரன் இன்னும் இருக்கான் எண்டு அவருக்குத் தெரிஞ்சிரும்."

"என்ட கைய வெட்டி எறிஞ்சிட்டு நீ உன்ட வாய மட்டும் வெச்சிருக்கா."

"பாடாம என்னால ஏலா, றஊப்."

"வாசிக்காம என்னால ஏலுமா?"

நிப்றாஸ் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைதான் றஊபை உடைத்தது என்று நினைக்கிறேன். "உன்ன நம்பினது என்ட பிழ," என்று சொல்லிவிட்டு மோட்டர்சைக்கிளை உதைத்தான்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவனுக்கு அந்தச் சத்தமில்லாத இடம் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

"சோம்பேறித்தனம்," என்றான் முதலில். "எடிட்டிங்கெல்லாம் நான்தானே செய்வன். அவனுக்கு வெட்டத் தெரியா காக்கா."

இரண்டு நாள் கழித்து லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்தான். பழைய பாட்டையும் புதியதையும் கீழும் மேலுமாக வைத்துக் காட்டினான்.

"இஞ்ச பாருங்க. தொடக்கத்தில என்ட கிற்றார் வாற இடம், வெட்டியிருக்கான். கடைசியில, வெட்டியிருக்கான். இடையில சின்னச் சின்ன இடம் எல்லாம் சுத்தமா வெட்டி ஒட்டியிருக்கான். நடு இடம் மட்டும் முழுசா அப்பிடியே கிடக்கு."

"அப்ப வெட்டத் தெரியும்."

"நல்லாத் தெரியும்."

"அப்ப ஏன் விட்டான்?"

"றபானுக்கு," என்றான். றபான் ஒருபக்கம் மட்டும் தோல் கட்டிய கைக்கொட்டு. அதற்கு மட்டும் எங்கள் பெரியவர்கள் தடை சொல்வதில்லை. "அந்த இடத்துக்கு ஒருத்தன வெச்சி றபான் அடிக்கப் போறான். அதுக்குத்தான் எடம் விட்டு வெச்சிருக்கான். இன்னும் ஆள் சரிவரல்ல போல."

எனக்கும் அது சரியாகவே பட்டது. பெயரை எடுத்தாயிற்று, கையை எடுத்தாயிற்று. மிச்சம் இருக்கிற அரை நிமிசத்தையும் இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிட்டால் றஊப் என்று ஒருவன் அந்தப் பாட்டில் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். அவன் தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தப் பாட்டைப் போட்டு, நடு இடம் வரும்வரை காத்திருப்பான். சத்தம் வராவிட்டால்தான் தையல் மெசின் ஓடும். இது மாதக்கணக்கில் நடந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் அது பழகிவிட்டது. அந்த இடம் வந்தால் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் எங்கள் ஊரில் ஒரு ஜனாஸா அடக்கம். அதற்கு வந்த அச்சிமுகம்மது ஹாஜியார், போகிற வழியில் மேல்மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்க என் கடைக்குள் நுழைந்தார். மருதமுனைக் கேற்றடியில் நின்றவன் நான் என்று அவருக்குத் தெரியாது. றஊப் நூல் வாங்கக் கல்முனைக்குப் போயிருந்தான். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"மருமகன்ட பாட்டு பஸ்ஸெல்லாம் ஓடுதாமே ஹாஜியார்?"

"ஓம் தம்பி, ஓடுது," என்றார். பெருமை இருந்தது, கூடவே ஒரு சலிப்பும் இருந்தது. "நல்ல மருமகன். நான் சொன்ன எல்லாத்துக்கும் ஓமெண்டவர். ஒண்டுக்கு மட்டும் மாட்டனெண்டு நிக்கார்."

"என்னத்துக்கு?"

"அந்தப் பாட்டில நடுவால ஒரு எடம் ஊமையாக் கிடக்கு. கேக்கிற ஆக்கள் போன் பழுதெண்டு நினைக்காங்க. அத வெட்டிப்போடுங்க மருமகன் எண்டன். மாட்டனெண்டார். சரி, நல்லா றபான் அடிக்கிற ஆளொண்டு எனக்குத் தெரியும், கூட்டிவாறன் எண்டன். அதுக்கும் மாட்டனெண்டார்."

"ஏனாம்?"

ஹாஜியார் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"'அதில ஆள் இருக்கு மாமா' எண்டார். பஸ்ஸில சீட்டுப் புடிச்சி வெச்சிருக்கிற மாதிரிச் சொல்றார். ஆரெண்டு கேட்டா வாயத் திறக்கிறாரில்ல." குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு ஆரெண்டு தெரியுமா தம்பி?"

"எனக்கென்ன தெரியும் ஹாஜியார்," என்றேன். பூட்டைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

றஊப் அஸருக்குப் பிறகு வந்தான். நூல் பையை இறக்கிவைக்கக்கூட விடவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவன் வாசலிலேயே நின்றான்.

"மெய்யாவே அவர் சொன்னாரா? இல்லாட்டி எங்களச் சேத்துவெக்க நீங்க கட்டிச் சொல்றீங்களா?"

"நான் ஆரையும் சேத்துவெக்கிற ஆளாடா?"

அதை அவன் யோசித்துப் பார்த்தான். அந்த விசயத்தில் ஊரில் எனக்கு நல்ல பெயர் கிடையாது.

"திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன்.

"'ஆள் இருக்கு' எண்டா? அதே சொல்லா?"

"அதே சொல்தான்."

நூல் பையை மேசையில் வைத்தான். ஸ்டூலை இழுத்து எனக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, இன்னுமொருக்கா சொல்லச் சொன்னான். முதல் இரண்டு தடவையும் என்னைச் சோதித்துப் பார்த்தான். இந்தத் தடவை அவன் கண்ணில் சந்தேகம் இல்லை. திரும்பக் கேட்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். நானும் சொன்னேன், கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி.